பழைய கோழிக்கொட்டகையில் புதுக் குஞ்சுகளை விடும் முன்

திண்டுக்கல் மாவட்டத்து வாசகர் ஒருவர், இரத்தக்கழிச்சலில் நாட்டுக்கோழிக் குஞ்சுகளில் பாதியைப் பறிகொடுத்தபின் ஆறு மாதமாகப் பூட்டிக் கிடக்கும் கொட்டகையில் புதிதாக நூறு குஞ்சுகளை விடலாமா, அதற்குச் சுண்ணாம்பு அடித்து ஃபினாயில் தெளித்தால் போதுமா என்று கேட்டிருக்கிறார்.

போதாது. ஆறு மாத இடைவெளி நல்லதுதான் என்றாலும், தரையில் பரப்பியிருந்த பழைய கூளத்தை அள்ளாமலேயே பூட்டிவிட்டதாக அவர் எழுதியிருப்பதால் அந்த இடைவெளியின் பயன் பெரும்பகுதி வீணாகிவிட்டது. இரத்தக்கழிச்சலுக்குக் காரணமான காக்சிடியா கிருமிகள் எச்சத்தோடு வெளியேறி, தடித்த ஓட்டுக்குள் அடங்கியபடி ஈரமும் நிழலும் உள்ள இடத்தில் பல மாதங்கள் உயிரோடிருக்கக் கூடியவை. அந்த ஓட்டை ஃபினாயிலோ பிளீச்சிங் பவுடரோ வழக்கமான அளவில் ஒன்றும் செய்வதில்லை. கடும் வெப்பமும் வறட்சியும் அவற்றை அழிக்கும்.

ஆகவே முதலில் கூளம் முழுவதையும் அள்ளி, கொட்டகையிலிருந்து தள்ளி, மழைநீர் திரும்பி வழிந்து வராத இடத்தில் எருவாக மக்கவிட வேண்டும். சுவரும் தரையும் சேரும் மூலையில் கல்போல் இறுகிக் கிடக்கும் எச்சத்தைச் சலவைச் சோடா கரைத்த நீரில் ஊறவிட்டுச் சுரண்டி எடுக்க வேண்டும். அழுக்கின் மேல் தெளிக்கப்படும் எந்தக் கிருமிநாசினியும் அழுக்கோடு நின்றுவிடும். மண் தரையாக இருந்தால் மேல்மண்ணை இரண்டு மூன்று அங்குலம் வெட்டி எடுத்துவிட்டுப் புதுமண் கொட்டி இறுக்குவதைத் தவிர வேறு வழியில்லை. சிமெண்ட் தரை நன்றாகக் காய்ந்தபின், தீயைப் பீய்ச்சும் ஃபிளேம் கன் கொண்டு தரையையும் சுவரின் அடிப்பகுதியையும் நிதானமாகச் சுட்டெடுக்கலாம். கூரை தென்னங்கீற்றாக இருந்தால் இந்த வேலையே வேண்டாம்.

அவர் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். செள்ளும் உண்ணியும் பகலில் மர இடுக்குகளிலும் சுவர் வெடிப்புகளிலும் ஒளிந்திருந்து இரவில் வந்து இரத்தம் குடிப்பவை. கோழியே இல்லாத கொட்டகையிலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடிப்பவை. கோழிகள் அமர்ந்த கட்டையின் அடிப்பக்கத்தை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள்: இடுக்கை ஒட்டி மிளகுத்தூள் சிந்தியதுபோல் கருஞ்சாம்பல் பொடி தெரிந்தால் செள் இருந்ததாகக் கொள்ளலாம். பழைய கட்டைகளை எரித்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்துவதே மலிவு. கால்நடை மருத்துவர் எழுதித்தரும் பூச்சிமருந்தை வெடிப்புகளுக்குள் தெளித்து, அப்போது பொரியாத முட்டைகளுக்காக ஒரு வாரம் பத்து நாள் கழித்து மறுபடியும் தெளித்தபின், வெடிப்புகளைச் சிமெண்டால் அடைத்துவிட வேண்டும். சுண்ணாம்பு அடிப்பது அதற்குப் பிறகுதான். அதுவும் புதிதாக நீற்றிய கற்சுண்ணாம்பாக இருக்கட்டும்.

கம்பிவலை துருப்பிடித்திருந்தால், எலி நுழையாதபடி அரை அங்குலக் கண்ணுள்ள வலையாக மாற்றுவது நல்லது. வளர்ந்த கோழி ஒன்றுக்கு இரண்டு சதுர அடி என்று வைத்தால் நூறுக்கு இருநூறு சதுர அடி தேவை. இடம் குறைவென்றால் குஞ்சுகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், ஏனென்றால் நெரிசலில் கூளம் ஈரமாகி அதே நோய் மறுபடியும் வரும்.

எல்லாம் முடிந்தபின் இரண்டு வாரமாவது கொட்டகையைக் காற்றோட்டமாகத் திறந்து போட்டுவிட்டு, காய்ந்த நெல் உமியையோ கடலைத் தோலையோ இரண்டு மூன்று அங்குலக் கனத்துக்குப் பரப்பலாம். குஞ்சுகள் வந்தபின் தண்ணீர்க் குவளையைச் சுற்றியுள்ள கூளத்தை நாள்தோறும் ஒரு கைப்பிடி அள்ளிப் பிசைந்து பாருங்கள். விரலை விரித்ததும் உதிர்ந்தால் சரி, உருண்டையாக நின்றால் அந்த இடத்துக் கூளத்தை அன்றே அகற்றிவிட்டுக் காய்ந்ததைப் போட வேண்டும்.