வீடியோ இருந்தும் விடுதலை: ராட்னி கிங் வழக்கு – கேள்வி பதில்

1992 ஏப்ரல் 29 அன்று, ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்து நொறுக்கிய நான்கு போலீசாரைக் கலிபோர்னியாவின் சிமி வேலி நீதிமன்றம் விடுவித்தது. அன்று மாலையே லாஸ் ஏஞ்சலஸ் பற்றி எரிந்தது. அந்த வழக்கைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஐயா, நான் சட்டக் கல்லூரி மாணவி. அன்று உண்மையில் நடந்தது என்ன?

1991 மார்ச் 3, நள்ளிரவு கடந்த நேரம். 25 வயதான ராட்னி கிங் குடித்திருந்தார். போலீசார் துரத்தியும் நிறுத்தாமல் காரை விரட்டிக்கொண்டு போனார். பரோலில் இருந்தவர், பிடிபட்டால் மறுபடியும் சிறை என்ற பயம். லேக் வியூ டெரஸ் பகுதியில் கார் நின்ற பிறகு விழுந்த அடிகளை, எதிரே குடியிருந்த ஜார்ஜ் ஹாலிடே தன் பால்கனியிலிருந்து படம் பிடித்தார். அதில் தடியடி 56, உதை ஆறு என்று எண்ணியிருக்கிறார்கள். அங்கே கூடியிருந்த போலீசார் இருபது பேருக்கும் மேல்.

கிங்கின் சகோதரர் புகார் கொடுக்கக் காவல் நிலையத்திற்குப் போனார். அந்தப் புகாரை எழுதிக்கொள்ளக்கூட இல்லை. ஹாலிடே நாடாவைத் தொலைக்காட்சி நிலையத்திடம் கொடுத்திருக்காவிட்டால், இது வழக்காகவே ஆகியிருக்காது.

உலகமே பார்த்த வீடியோவை ஜூரி (குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு) மட்டும் பார்க்கவில்லையா?

எல்லோரையும்விட அதிகமாகப் பார்த்தார்கள். சிக்கலே அங்கேதான். தொலைக்காட்சிகள் பெரும்பாலும் காட்டாமல் விட்ட முதல் சில நொடிகளில், கிங் எழுந்து, நால்வரில் ஒருவரான பவல் என்ற போலீஸ்காரர் இருந்த பக்கம் பாய்வது தெரியும். ஜூரி அதையும் பார்த்தது. அதற்குப் பிறகு போலீசார் தரப்பு வழக்கறிஞர்கள் நாடாவை மெதுவாக்கி, ஒவ்வொரு படமாக நிறுத்தி விளக்கினார்கள். இதோ, இங்கே அவர் கால் அசைகிறது, எழ முயல்கிறார். இங்கே தடி ஓங்கப்படுகிறது, பயிற்சியில் சொல்லிக் கொடுத்த முறை இதுதான். இப்படித் துண்டாக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. தரையில் கிடப்பவனுக்கு அந்த அடிகள் தனித்தனியாக விழவில்லை, அடுத்தடுத்து விழுந்தன. நிற்காமல் ஓடும் நாடாவில் தெரிந்த கொடூரம், நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது காணாமல் போனது.

கிங் அந்த விசாரணையில் சாட்சி சொல்லவும் இல்லை. அடிபட்டவரின் குரலையே கேட்காமல், அடித்தவர்கள் தரப்பின் விளக்கத்தோடு ஏழு நாள் கூடிப் பேசினார்கள். பவல் மீதான ஒரு குற்றச்சாட்டில் மட்டும் ஒருமித்த முடிவு எட்டப்படவில்லை. மற்ற எல்லாவற்றிலும் நால்வருக்கும் விடுதலை.

ஜூரியில் கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லை என்பது உண்மையா?

அன்று அப்படித்தான் சொல்லப்பட்டது. அன்று பதிவானபடி, வெள்ளையர் பத்துப் பேர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் ஒருவர், ஆசிய வம்சாவளியினர் ஒருவர். இனத்தைக் காரணம் காட்டி ஜூரர்களை அரசுத் தரப்பு நீக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1986-இலேயே, பேட்சன் வழக்கில் சொல்லியிருந்தது. ஆனால் நீக்குவதற்கு முன்னால் கறுப்பினத்தவர் ஜூரிப் பட்டியலில் இருக்க வேண்டுமே! லாஸ் ஏஞ்சலஸில் வழக்கைப் பற்றிய செய்தி விளம்பரம் அதிகம், நியாயமான விசாரணை நடக்காது என்று சொல்லி வழக்கைப் பக்கத்து வென்ச்சுரா மாவட்டத்திற்கு மாற்றினார்கள். கறுப்பின மக்கள் மிகக் குறைவாக வாழும் மாவட்டம் அது. சிமி வேலியோ போலீஸ் குடும்பங்கள் பலர் குடியேறிய ஊர். லாஸ் ஏஞ்சலஸ் தொலைக்காட்சிகள் அங்கேயும்தான் தெரிந்தன. விளம்பரத்திலிருந்து தப்ப வேண்டும் என்ற நோக்கம் துளியும் நிறைவேறவில்லை. மாறியது ஜூரியின் நிறம் மட்டுமே. என்னைக் கேட்டால், வழக்கின் முடிவு பாதிக்கு மேல் அந்த இடமாற்ற ஆணையிலேயே எழுதப்பட்டுவிட்டது.

வெளிநாட்டில் மளிகைக் கடை நடத்துபவன் நான். தீர்ப்புக்குப் பின் நடந்த கலவரத்தில் கொரியர்களின் கடைகளை எரித்தது ஏன்? அவர்கள் என்ன செய்தார்கள்?

உங்கள் வேதனை புரிகிறது. கிங் அடிபட்ட இரண்டே வாரத்திற்குள், 1991 மார்ச் 16 அன்று, லட்டாஷா ஹார்லின்ஸ் என்ற 15 வயதுக் கறுப்பினச் சிறுமி ஒரு கொரியப் பெண்ணின் கடைக்கு ஆரஞ்சுச் சாறு வாங்கப் போனாள். விலை 1.79 டாலர். திருடுகிறாள் என்று கடைக்காரர் பிடித்து இழுக்க, கைகலப்பானது. பாட்டிலை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தவளைப் பின்தலையில் சுட்டார். இறந்தபோது அவள் கையில் இரண்டு டாலர் இருந்தது. இங்கே ஜூரி குற்றவாளி என்றே சொன்னது. ஆனால் நீதிபதி சிறைத் தண்டனை தராமல் நன்னடத்தைக் கண்காணிப்பு, சமூகப் பணி, 500 டாலர் அபராதம் என்று முடித்துவிட்டார். அந்தத் தண்டனையை மேல் நீதிமன்றம் உறுதி செய்தது சிமி வேலி தீர்ப்புக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பு.

இதற்காக, சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கடைகள் சூறையாடப்பட்டதை யாரும் நியாயம் என்று சொல்ல முடியாது. உதவி கேட்டு அழைத்த கடைக்காரர்களைப் போலீசும் கைவிட்டது.

அப்படியானால் கலவரத்துக்கு நீங்கள் காரணம் கற்பிக்கிறீர்களா?

காரணம் சொல்வது வேறு, நியாயப்படுத்துவது வேறு. 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; ஏறத்தாழ 100 கோடி டாலர் சேதம். ஃப்ளாரன்ஸ், நார்மண்டி சாலைகள் கூடும் சந்திப்பிலிருந்து போலீஸ் பின்வாங்கிய பிறகு, ரெஜினால்ட் டென்னி என்ற வெள்ளை லாரி ஓட்டுநரைக் கீழே இழுத்துப் போட்டு மண்டையை உடைத்தார்கள். அதை நேரலையில் பார்த்து, வீட்டிலிருந்து ஓடிவந்து அவரை மருத்துவமனையில் சேர்த்த நால்வரும் அதே பகுதியின் கறுப்பின மக்கள். டென்னியை அடித்தவர்களைச் சொல்பவர்கள் இந்த நால்வரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சிமி வேலி தீர்ப்பை எதிர்த்து அரசு மேல்முறையீடு செய்திருக்கலாமே?

இந்தியாவில் செய்யலாம். அமெரிக்காவில் ஜூரி விடுவித்தால் விடுவித்ததுதான். அதே குற்றத்துக்கு மறுவிசாரணை கிடையாது. ஆனால் குடிமை உரிமையைப் பறித்த குற்றத்துக்காக மத்திய அரசு தனி வழக்குத் தொடர்ந்தது. இரண்டு கறுப்பின உறுப்பினர்கள் இருந்த ஜூரி, 1993 ஏப்ரலில் அதே நால்வரில் சார்ஜென்ட் கூனையும் பவலையும் குற்றவாளிகள் என்றது. தலா 30 மாதச் சிறை. மற்ற இருவரும் விடுதலை. இம்முறை கிங் சாட்சிக் கூண்டில் ஏறினார்.

இன்று அதே போல நடந்தால் முடிவு வேறாக இருக்குமா?

ஓரளவு. 2020-இல் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாயிட் கழுத்தில் ஒன்பது நிமிடத்துக்கு மேல் முழங்காலை அழுத்திய டெரிக் ஷோவின் தரப்பும், விளம்பரத்தைக் காட்டி விசாரணையை வேறு ஊருக்கு மாற்றக் கேட்டது. மாநிலத்தில் இந்த வழக்கைக் கேள்விப்படாத ஊரே இல்லை, மாற்றிப் பயனில்லை என்று நீதிபதி மறுத்துவிட்டார். தீர்ப்பு சொன்ன பன்னிருவரில் நால்வர் கறுப்பினத்தவர், இருவர் கலப்பினத்தவர், அறுவர் வெள்ளையர். எல்லாக் குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்றார்கள். 1991-இல் சிமி வேலியைத் தேர்ந்தெடுத்தவர்களிடம், மாற்றி என்ன பயன் என்ற கேள்வியை அன்றே யாராவது அழுத்திக் கேட்டிருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம்.