அறுந்த முனை எது, அசல் முனை எது? டி.என்.ஏ. பற்றி வாசகர்கள் கேட்டவை

டி.என்.ஏ. அறுந்தால் செல் செத்துவிடுமா?

பெரும்பாலும் சாகாது. ஓர் இழை மட்டும் அறுவது ஒவ்வொரு செல்லிலும் தினமும் ஆயிரக்கணக்கில் நடக்கிறது, எதிர் இழை பிடித்துக்கொண்டிருப்பதால் சரி செய்வது சுலபம். இரண்டு இழையும் ஒரே இடத்தில் அறுந்தால்தான் ஆபத்து. அப்போது 'கூ' என்ற வளையப் புரதம் சில நொடிகளில் இரு முனைகளிலும் மோதிரம்போல மாட்டிக்கொள்கிறது. முனை அரிபடாமல் காப்பதும், ஒட்டுகிற நொதிகளைக் கூப்பிடுவதும் அதன் வேலை.

அப்படி ஒட்டும்போது டி.என்.ஏ. வரிசையில் எழுத்து விட்டுப்போகாதா?

போகலாம். அதனால்தான் செல்லுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது: பிரிவதற்கு முன் டி.என்.ஏ.வை நகலெடுத்து வைத்திருந்தால், அறுந்த முனையில் ஓர் இழையைக் கொஞ்சம் செதுக்கி, மீதி இழைமேல் ராட்51 புரதத்தைப் போர்த்தி, நகலில் அதே வரிசையைத் தேடிப் பிடித்து, அதைப் பார்த்து எழுதிக்கொள்கிறது. ராட்51-ஐக் கொண்டுவந்து ஏற்றுவது பி.ஆர்.சி.ஏ.2 என்ற இன்னொரு புரதம்.

அம்மாவுக்குப் புற்றுநோய், பி.ஆர்.சி.ஏ. மரபணுவில் கோளாறு, ஓலாபரிப் என்ற மருந்து கொடுக்கிறார்கள். அது என்ன செய்யும்?

ஓரிழை அறுபட்டால் முதலில் ஓடிவரும் 'பார்ப்' நொதியை இந்த மருந்து முடக்கிவிடும். சரிசெய்யாத இடங்கள் நகலெடுக்கும்போது ஈரிழை அறுபடலாக மாறும். மற்ற செல்கள் நகலைப் பார்த்துச் சரிசெய்து தப்பிவிடும். பி.ஆர்.சி.ஏ.வை முழுதாக இழந்த புற்றுச்செல்லுக்கு அந்த வழியே கிடையாது. மருந்து பயன்பாட்டுக்கு வந்தது 2014-இல். பரம்பரைக் கோளாறு என்றால் நீங்களும் மரபணு ஆலோசகரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

குரோமோசோமின் ஓரமும் முனைதானே, அதை ஏன் ஒட்டிவிடுவதில்லை?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. மரபியலாளர் பார்பரா மெக்ளின்டாக் மக்காச்சோளத்தில் பார்த்தார்: அறுந்த முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, செல் பிரியும்போது இரு பக்கமும் இழுபட்டு மறுபடி அறுகின்றன. இயற்கையான ஓரங்களுக்கு மட்டும் அந்தக் கதி இல்லை. எக்ஸ் கதிர் பட்ட பழ ஈக்களை ஆராய்ந்த முல்லர் 1938-இல் அந்த ஓரத்துக்கு டெலோமியர் என்று பெயர் வைத்தார். நம் செல்லில் 46 குரோமோசோம், ஆக 92 ஓரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஆறெழுத்து ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வரும். அந்த நுனி பின்னால் வளைந்து தன் இழைகளுக்குள்ளேயே செருகிக்கொள்கிறது, சுருக்குப் போட்ட கயிறு மாதிரி. 1999-இல்தான் இது கண்ணில் பட்டது. மேலே ஷெல்டெரின் என்ற ஆறு புரதக் கூட்டம் மூடியிருக்கும். அதில் டி.ஆர்.எஃப்.2-ஐ மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள், குரோமோசோம்கள் ரயில் பெட்டிபோலக் கோத்துக்கொள்ளும். வியப்பு என்னவென்றால், ஒட்டுவதற்கு ஆள் கூப்பிடும் அதே 'கூ' டெலோமியரிலும் இருக்கிறது!

டெலோமியரை நீட்டுவதாக மாத்திரை விற்கிறார்களே, வாங்கலாமா?

வேண்டாம். டெலோமியரை நீட்டுவது டெலோமரேஸ் நொதி. பெரும்பாலான புற்றுச்செல்கள் சாகாமல் பெருகுவதே அதை முடுக்கிவிட்டுத்தான்.

செல் தானாகவே டி.என்.ஏ.வை அறுக்குமா?

அறுக்கும். விதவிதமான எதிர்ப்புரதங்கள் செய்ய, வெள்ளையணுக்கள் தங்கள் மரபணுவையே வெட்டி மாற்றி ஒட்டுகின்றன. ஒட்டுவது அதே 'கூ' வழிதான். அந்த வழியில் பிறவிக் கோளாறு இருக்கும் சில குழந்தைகளுக்கு நோய் எதிர்ப்பு ஏறக்குறைய இல்லாமலே போய்விடுகிறது.