எல்இடி தெருவிளக்கு: பல்பு போகாது, டிரைவர்தான் போகும்

தெருவிளக்கு பழுதுபார்ப்பதே தொழிலாகக் கொண்ட திருநெல்வேலி பேட்டைக்காரர் ஒருவர், நெல்லைச் சீமைக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

முக்கூடல்: அண்ணாச்சி, பெட்டியில் 50,000 மணி நேரம் என்று போட்டிருக்கிறான். எங்கள் தெருவில் இரண்டு வருஷம்கூடத் தாங்கவில்லையே?

பதில்: ராத்திரிக்கு 12 மணி நேரம் என்றால் வருஷத்துக்கு 4,380 மணி நேரம். அப்படிப் பார்த்தால் 11 வருஷத்துக்கு மேல் எரிய வேண்டும். ஆனால் அந்தக் கணக்கு வெளிச்சம் தரும் எல்இடி சில்லுக்கு மட்டும். அதுவும் அணைந்துபோகும் கணக்கு இல்லை, வெளிச்சம் 70 சதவீதமாகக் குறையும் கணக்கு. சில்லுக்கு கரண்டை அளந்து கொடுக்கும் டிரைவர் அதற்கு முன்பே போய்விடும். அதில் உள்ள எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் (உள்ளே திரவம் உள்ள, கரண்டைச் சீராக்கும் பாகம்) சூட்டில் காய்ந்துபோகும். சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

அதைவிடப் பெரிய எமன் நியூட்ரல் கட், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் கம்பி அறுவது. காற்றடி காலத்தில் லைனில் நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 400 வரை ஏறும். ஒரே ராத்திரியில் வரிசையாக அணைந்ததா? அப்படியென்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்படுவேன். சர்ஜ் பாதுகாப்பு 10 கிலோவோல்ட் இருக்கிறது என்று கடைக்காரர் சொல்வார். நல்லதுதான், ஆனால் அது மின்னல் மாதிரி நொடிக்கும் குறைவான அடிக்கு. மணிக்கணக்கில் ஏறி நிற்கும் வோல்டேஜுக்கு, 440 வோல்ட் வந்தாலும் தானே நின்று, வோல்டேஜ் சரியானதும் விளக்கைத் திரும்பவும் எரியவிடும் டிரைவர் வேண்டும். வாட் எத்தனை என்பதை அப்புறம் கேளுங்கள்.

பாளையங்கோட்டை மாணவி: சார், பைபாஸில் ஒரே ஒரு விளக்கு ஊதா நிறத்தில் எரிகிறது. அலங்காரமா?

பதில்: இல்லைம்மா, நோய். வெள்ளை எல்இடிக்குள் இருப்பது நீல எல்இடி. அதன்மேல் பூசிய மஞ்சள் பாஸ்பர், நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக்கும். இரண்டும் சேர்ந்து கண்ணுக்கு வெள்ளை. அந்த நீல எல்இடிக்காகத்தான் ஜப்பானில் பிறந்த அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. பூச்சு உரிந்தால் நீலம் அப்படியே வெளியே வரும். அமெரிக்காவில் பல ஊர்களில் தெருத்தெருவாக இப்படி ஊதாவாகிப் போனது. வாரண்டி இருந்தால் மாற்றித் தருவார்கள்.

கூந்தன்குளம்: பறவைகள் வரும் ஊர். எந்த விளக்கு போடலாம்?

பதில்: 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) பளீர் வெள்ளை வேண்டவே வேண்டாம். அதில் நீலம் அதிகம், ஈசலும் பூச்சியும் மொய்க்கும். 3000 அல்லது அதற்கும் கீழே போங்கள். குளத்துப் பக்கம் வெளிச்சம் சிந்தாமல் கீழ்நோக்கி மட்டும் விழட்டும். இந்த விஷயத்தில் பழைய சோடியம் மஞ்சளே மேல் என்பேன்.

அம்பாசமுத்திரம் பக்கம், ஊராட்சித் தலைவி: அண்ணாச்சி, கம்பத்துக்குக் கம்பம் கன்ட்ரோலர் வைத்து ஸ்மார்ட் விளக்காக்கலாம் என்று ஒரு கம்பெனிக்காரர் வந்தார். தேவையா?

பதில்: உங்கள் ஊருக்குத் தேவையில்லை தலைவரம்மா. கம்பத்துக்கு ஒன்று வைத்தால் லோரா என்ற தொலைதூர ரேடியோவிலோ, என்பி-ஐஓடி என்ற கருவிகளுக்கான செல்போன் நெட்வொர்க் சிம்மிலோ பேசும். எந்தக் கம்பத்தில் பழுது என்று எண்ணோடு சொல்லும். நாலுவழிச் சாலைக்கும் மாநகராட்சிக்கும் சரி. சிம் என்றால் மாத வாடகையும் கூடவே வரும்.

உங்களுக்கு சுவிட்ச் பெட்டிக்கு ஒரு சிசிஎம்எஸ் போதும், அதாவது அந்தப் பெட்டியின் விளக்குகளை மொத்தமாகக் கட்டுப்படுத்திக் கண்காணிக்கும் கருவி. 50 விளக்கில் 10 எரியாவிட்டால் ஆம்பியர் குறைவதில் தெரிந்துவிடும். எது என்று அது சொல்லாது, ராத்திரி ஒரு நடை போய்ப் பார்த்தால் முடிந்தது. பொழுது சாயும், விடியும் நேரத்தை ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை வைத்து அதுவே கணக்கிட்டு விளக்கைப் போடும், அணைக்கும். பட்டப்பகலில் எரிவது நின்றாலே பாதிப் புகார் வராது.

விளக்கை மங்கவைத்து மிச்சம் பிடிப்பது பற்றியும் கம்பெனிக்காரர் சொல்லியிருப்பார். 70 வாட் விளக்கு வருஷத்துக்கு 307 யூனிட் இழுக்கும். இரவு 11 முதல் காலை 5 வரை பாதியாக்கினால் 77 யூனிட் மிச்சம். உங்கள் தெருவில் உள்ள 20 வாட் விளக்குக்கோ 22 யூனிட்தான். அதற்காக கன்ட்ரோலர் வாங்கினால் போட்ட காசு திரும்ப நாளாகும். டைமர் உள்ளடங்கிய டிரைவரே மங்கவைக்கும், இன்டர்நெட் எதற்கு?

உவரி: உப்புக்காற்றில் எல்லாம் துருப்பிடிக்கிறது.

பதில்: அலுமினிய வார்ப்பு உடல், எஸ்எஸ் (எவர்சில்வர்) திருகு, தூசியும் தண்ணீரும் புகாத ஐபி66 தரம். திருகில் கஞ்சத்தனம் பண்ணினால் அப்புறம் மூடியைக் கழற்றவே முடியாது.

களக்காடு: கழற்றிய சோடியம் பல்புகளை உடைத்துக் குப்பையில் போடலாமா?

பதில்: உடைக்காதீர்கள். அதிலும் டியூப்லைட்டிலும் பாதரசம் இருக்கிறது. அட்டைப்பெட்டியில் சேர்த்துவைத்து மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.