பாஸ்வேர்டை மாற்றியும் பழைய செஷன் ஏன் ஓடிக்கொண்டே இருக்கிறது?

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஒரு பயனரின் பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் அவருடைய பழைய செஷன் (ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு) வேலை செய்கிறதே, இது பிழையா என்று கேட்டிருக்கிறீர்கள். பிழை இல்லை. பாஸ்வேர்டு சரிபார்ப்பு இணைப்பு தொடங்கும்போது ஒரே முறைதான் நடக்கிறது. பாஸ்வேர்டு காலாவதியாகும் 'வேலிட் அன்டில்' தேதி தாண்டினாலும், இனி நுழையக் கூடாது என்று பயனருக்கு 'நோலாகின்' கொடுத்தாலும் உள்ளே இருப்பவர் உள்ளேயேதான் இருப்பார். அமேசானின் தரவுத்தளச் சேவையான ஆர்டிஎஸ்ஸில் பாஸ்வேர்டுக்குப் பதிலாகத் தரும் தற்காலிக ஐஏஎம் டோக்கனும் அப்படித்தான்: 15 நிமிடக் கெடு புதிதாக இணைவதற்கு மட்டுமே. டேபிள் உரிமையை 'ரிவோக்' செய்தால் (திரும்பப் பெற்றால்) மட்டும் அடுத்த வினவலிலேயே தெரியும்.

ஆகவே வெளியேற்ற வேண்டுமென்றால் முதலில் 'நோலாகின்'. அப்புறம் நடப்பு இணைப்புகளைக் காட்டும் 'பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி'யில் அந்தப் பயனரின் பிஐடிகளை (இணைப்புகளின் ப்ராசஸ் எண்களை) எடுத்து, ஒவ்வொன்றையும் 'பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட்' ஃபங்ஷன் மூலம் முடியுங்கள். இந்த வரிசை மாறவே கூடாது. மாறினால் கனெக்‌ஷன் பூல் (செயலி திறந்தே வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பு) அடுத்த நொடியே மறுபடி நுழைந்துவிடும்.

வழக்கமான பாஸ்வேர்டு மாற்றத்துக்கு இவ்வளவு கடுமை தேவையில்லை. பூலுக்குப் புதிய பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு, பழைய இணைப்புகள் தாமாக வயதாகி விலகக் காத்திருக்கலாம். ஜாவாவுக்கான ஹிகாரிசிபி பூலில் ஓர் இணைப்பின் அதிகபட்ச ஆயுளான 'மேக்ஸ்லைஃப்டைம்' இயல்பாக 30 நிமிடம்.

செயலி பக்கம்தான் உண்மையான கவனம் வேண்டும். துண்டிக்கப்பட்ட இணைப்புக்கு 57பி01 (நிர்வாகி இணைப்பை முடித்துவிட்டார்) என்ற பிழை வரும். புதிய இணைப்பு எடுத்து, ஒரே தொகுதியாக நடக்க வேண்டிய வினவல்களான டிரான்ஸாக்‌ஷனை முதலிலிருந்து ஓட்டுங்கள். பாதியில் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. மாற்றங்களைப் பதிவு செய்யும் 'கமிட்' அனுப்பிப் பதில் வராமல் அறுந்திருந்தால், அது பதிவானதா என்று பார்க்காமல் திரும்ப ஓட்டாதீர்கள். பணப் பரிமாற்றம் என்றால் இரண்டு முறை கழிந்துவிடும்.