கலந்தால் கலர் சேறாகிறதா? சுவருக்குப் போகும் முன் கவனிக்க வேண்டியவை

கேள்வி: என் மகள் மதுரையில் விஷுவல் கம்யூனிகேஷன் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பாப் ஆர்ட், தெரு ஓவியம், வண்ணக் கோட்பாடு மூன்றையும் சேர்த்து, கல்லூரிச் சுற்றுச்சுவரில் ஆறடிக்கு நாலடி அளவில் ஒரு ப்ராஜெக்ட் செய்ய வேண்டுமாம். அட்டையில் போட்டுப் பார்த்தாள். கலர் எல்லாம் மங்கி, எதுவும் எடுப்பாகத் தெரியவில்லை. ஒரு கடைக்காரர், "நாங்களே டிசைன் போட்டு, வினைலில் பிரிண்ட் எடுத்து ஒட்டித் தருகிறோம்" என்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இந்தக் கடைகளில் நடப்பது எனக்கு நன்றாகத் தெரியும். இணையத்திலிருந்து மர்லின் மன்றோ படத்தை எடுத்து, ஒரு ஃபில்டரைப் போட்டு, நான்கு கட்டமாக அடித்துத் தருவார்கள். அதே ஃபைல் பக்கத்துக் கல்லூரிக்கும் போகும். வைவாவில் "இந்த ஊதா எப்படி வந்தது?" என்று கேட்டால் பிள்ளை என்ன சொல்வாள்? சொரசொரப்பான சிமெண்ட் பூச்சில் ஒட்டிய வினைல் மதுரை வெயிலுக்கு ஓரம் தூக்கிக்கொள்ளும், அது வேறு.

இருபத்துநாலு கலர் செட்டைத் தலையில் கட்டும் கடையிலும் ஏமாறாதீர்கள். நான்கைந்து நிறம் போதும்.

கலர் சேறாவதற்கு உங்கள் மகளின் கை காரணமல்ல. சிவப்பு, மஞ்சள், நீலம் இருந்தால் எல்லா நிறமும் வரும் என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொடுக்கிறார்கள். எந்த நீலம், எந்த மஞ்சள் என்று யாரும் சொல்வதில்லை. அல்ட்ராமரின் நீலத்தில் சிவப்புச் சாயல் உண்டு. அதை ஆரஞ்சு ஓடிய மஞ்சளோடு கலந்தால் அழுக்குப் பச்சைதான் வரும். பச்சைச் சாயலுள்ள தாலோ நீலத்தோடு லெமன் மஞ்சள் சேர்த்தால் கிளிப்பச்சை. ஊதாவுக்குச் சிவப்பை விட்டுவிட்டு மெஜந்தாவை எடுக்கச் சொல்லுங்கள். அச்சகத்திலும் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்புதான். பாப் ஆர்ட்டே விளம்பரம், காமிக்ஸ் என்ற அச்சு உலகத்திலிருந்து வந்ததுதான் என்பதால் இது பொருத்தமும்கூட.

எடுப்பாகத் தெரியாததற்குக் காரணம் வேறு. அட்டையை போனில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், வெளிச்ச வித்தியாசம் இல்லை என்று அர்த்தம். பக்கத்து நிறமும் ஒரு காரணம். பாரிஸில் கோபலின் நெசவாலையின் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த செவ்ரல் என்ற வேதியியலாளரிடம், கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது. சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் அந்தக் கறுப்பை மங்கவைத்தன. 1839இல் அவர் இதைப் புத்தகமாகவே போட்டார்.

அதனால் ஒரே அளவு வெளிச்சமுள்ள சிவப்பையும் பச்சையையும் ஒட்டி வைக்கக் கூடாது, கண் கூசும். ஒரு விலக்கு உண்டு. இரண்டுக்கும் நடுவே தடித்த கறுப்புக் கோடு ஓடினால் இரண்டும் அடங்கி நிற்கும். அமெரிக்க ஓவியர் கீத் ஹாரிங்கின் சுவர்களில் அந்தக் கோடு எவ்வளவு தடிமன் என்று பாருங்கள். அட்டையில் பென்சில் அளவு கோடு போதும். சாலையின் எதிர்ப்பக்கம் நின்று பார்க்கும் சுவரில் அது காணாமல் போய்விடும், ஓர் அங்குலமாவது வேண்டும். அப்புறம், கோடு விட்டுவிட்டு ஓடினால் பயனில்லை. இடைவெளி விழுந்த இடத்தில் கூச்சம் திரும்பிவிடும். வெள்ளைக் கோடும் பிரிக்கும், ஆனால் புழுதிக்கு ஒரு மாதம்கூடத் தாங்காது.

மூன்றையும் எப்படிச் சேர்ப்பது? மூலையில் ஒரு கலர் வீலை, அதாவது நிறங்களை வட்டமாக அடுக்கிய படத்தை, வரைந்துவிட்டால் வண்ணக் கோட்பாடு வந்துவிட்டது என்று மார்க் போடுகிறார்கள். எனக்கு இதில் கோபமே வருகிறது. பாப் ஓவியர் ஆண்டி வார்ஹோல், கடையில் விற்ற சூப் டப்பாவைத்தான் 1962இல் 32 கேன்வாஸில் வரைந்தார். உங்கள் மகள் பன்னீர் சோடா பாட்டிலை எடுக்கட்டும். பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் ஸ்டென்சில் (உருவம் வெட்டிய அச்சு) வெட்டி, அதே பாட்டிலை மஞ்சளில் நான்கு பின்னணியில் அடிக்கட்டும். தினசரிப் பொருளைத் திரும்பத் திரும்பக் காட்டுவது பாப், ஸ்டென்சிலும் சுவரும் தெரு. பாட்டிலின் மஞ்சள் நான்கிலும் ஒன்றேதான் என்றாலும், ஊதாவின் மேல் எரியும், வெள்ளையின் மேல் வெளிறும். வண்ணக் கோட்பாடு அங்கேயே இருக்கிறது, கலர் வீல் வேண்டாம்.

பெயிண்ட் விஷயத்தில் ஒன்று. "வெள்ளை எமல்ஷனில் ஸ்டெய்னர் (நிறம் கூட்டும் திரவம்) ஊற்றிக்கொள்ளுங்கள்" என்பார்கள். எவ்வளவு ஊற்றினாலும் வெளிறிய நிறம்தான் வரும். மெஷினில் நிறம் கலந்து தரும் கடையில், அடர் நிறத்துக்கான பேஸில் (நிறம் சேர்க்கும் அடிப்படை பெயிண்டில்) எக்ஸ்டீரியர் எமல்ஷன் கேளுங்கள். டிஸ்டெம்பர் வேண்டாம். சுவர் புதிதாகப் பூசியதென்றால் நாலு வாரம் காயவிட்டு, சிமெண்ட் பிரைமர் அடித்த பிறகே ஸ்டென்சிலை எடுக்க வேண்டும்.

சுவரின் வெளிப்பக்கம் என்றால் முதல்வரின் கையெழுத்தோடு அனுமதிக் கடிதம் வாங்கிக் கையில் வைத்திருக்கட்டும். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. ப்ராஜெக்ட் கொடுப்பவர்கள் அதை மாணவர்களிடம் சொல்வதே இல்லை.