மனச்சோர்வு விடுப்பு முடிந்தது. வேலைக்குப் போகப் பயமாக இருக்கிறது

கேள்வி: திருவொற்றியூரில் வசிக்கிறேன். மண்ணடியில் ஒரு சரக்கு நிறுவனத்தில் கணக்கராக இருக்கிறேன். மனச்சோர்வுக்காக மூன்று மாத விடுப்பில் இருந்துவிட்டு, வரும் திங்களன்று பணிக்குத் திரும்ப வேண்டும். மாத்திரை மூளையை மழுங்கடிக்கும் என்று யூடியூபில் பார்த்து, பத்து நாட்களுக்கு முன் நிறுத்திவிட்டேன். மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்கிப் போடுகிறேன். கை நடுங்குகிறது, மறதியும் உண்டு. எல்லோர் முன்னிலும் மறுபடி உடைந்து அழுதுவிடுவேனோ?

மருத்துவர் பதில்: திங்கட்கிழமையைப் பற்றிப் பேசுவதற்கு முன், நாளைக்கே உங்கள் மனநல மருத்துவரைப் போய்ப் பாருங்கள். மனச்சோர்வுக்கான மாத்திரை மூளையை மழுங்கடிப்பதில்லை. ஆனால் அதைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் நடுக்கமும் வரக்கூடும் என்பதால், உங்கள் கை நடுக்கத்துக்கு அலுவலகப் பயத்தைவிட இதுவே காரணமாக இருக்கலாம். நலமடைந்த பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது மாத்திரையைத் தொடரச் சொல்வது, இடையில் விட்டவர்களிடம் நோய் திரும்புவதை நாங்கள் அடிக்கடி பார்ப்பதால்தான். சீட்டில்லாமல் வாங்கும் தூக்க மாத்திரைகளில் பலவோ சில வாரங்களிலேயே பழக்கமாகிவிடுபவை. எதை எப்படித் தொடங்குவது, எதை எப்படிக் குறைப்பது என்பதை உங்கள் மருத்துவரே சொல்லட்டும். யூடியூப் உங்கள் நாடியைப் பிடித்துப் பார்க்கவில்லை.

மறதியை விட்டுவிடுங்கள். எந்த மாத்திரையை எந்தத் தேதியில் தொடங்கினீர்கள், எப்போது அளவு கூடியது என்று கடிதத்தோடு ஒரு பக்கத்துக்குப் பிழையில்லாமல் கட்டம் போட்டு எழுதி அனுப்பியிருக்கிறீர்களே.

தைரியம் வந்த பிறகு வேலைக்குப் போகலாம் என்று காத்திருந்தால் அது வராது. நாலு நாள் உட்கார்ந்து வேலை பார்த்த பிறகுதான் வரும். ஆகவே இந்த வாரத்திலேயே ஒரு நாள், வழக்கமான நேரத்துக்குக் குளித்துக் கிளம்பி, தேரடியில் மெட்ரோ ஏறி மண்ணடியில் இறங்கி, அலுவலக வாசல் வரை நடந்து, எதிரே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புங்கள். மறுநாளும் அதையே செய்யுங்கள். முதல் இரண்டு வாரம் அரை நாள் வேலை போதும் என்று மருத்துவரிடம் கடிதம் கேளுங்கள். சக ஊழியர்களுக்கு, "உடம்பு சரியில்லாமல் இருந்தது, இப்போது பரவாயில்லை" என்ற ஒரு வாக்கியம் போதும். உங்கள் நோய் விவரம் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் உரிமை. அழுகை வந்தால் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வாருங்கள். ஒரு நாள் அழுததால் நோய் திரும்பிவிட்டது என்று பொருளில்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. ஆறு மணிக்கு எழுபவர் மூன்றரைக்கே விழித்து, மீண்டும் தூக்கம் வராமல், விடியும்போது நெஞ்சு கல்லாய்க் கனத்து, சாயங்காலம் சற்று இலேசாகிறது என்றால், அப்படி நான்கு நாள் தொடர்ந்தாலே அடுத்த சந்திப்புத் தேதிக்குக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றைக்கே வீட்டில் சொல்லி, ஸ்டான்லி மருத்துவமனைக்காவது வந்துவிட வேண்டும். நள்ளிரவானாலும் 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதிகாலையில் விழித்துக்கொள்ளும் அறிகுறியை இன்றிரவே வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். விடியுமுன் நீங்கள் விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருப்பது அவர்கள் கண்ணில்தான் முதலில் படும்.