முடியைக் கொடுக்கிறதுக்கு முன்னால ரத்தத்தைப் பாருங்க

தேவகோட்டைத் தங்கச்சிக்கு, ஓயாத அசதி, முடி கொட்டுது, முடியை அனுப்பி 'முழு உடல்நலப் பரிசோதனை' பண்ணலாமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாம்மா.

நானும் காரைக்குடியில இதே அசதியோட ரெண்டு வருஷம் அலைஞ்சவ. ஒரு இடத்துல முடி கொடுத்தேன். பால், கோதுமை, உளுந்து ஆகாதுன்னு நீளமா பட்டியல் வந்துச்சு. உளுந்தை விட்டா கும்மாயம் ஏது, பணியாரம் ஏது? மூணு மாசம் வாயைக் கட்டி இன்னும் இளைச்சதுதான் மிச்சம். மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குச்சு. எந்தச் சாப்பாடு ஒத்துக்காதுன்னு முடியை வச்சுச் சொல்லவே முடியாதுன்னு பிறகுதான் தெரிஞ்சுது.

கடைசியில ஒரு டாக்டரம்மா என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாங்க. உள்ளே வெள்ளையா இருந்துச்சு. "மாசாமாசம் எத்தனை நாள் போகுது?"ன்னு கேட்டாங்க. அதுவரை யாரும் கேட்கலை, நானும் சொல்லலை. ரத்தம் பார்த்தா ஹீமோகுளோபின் 8.4, உடம்புல இருக்கிற இரும்புச் சேமிப்பைக் காட்டுற ஃபெரிட்டின் 6. ரெண்டுமே ரொம்பக் குறைவு. மாதவிடாய்ல ரத்தம் நிறையப் போயி இரும்புச்சத்து குறைஞ்சிருக்கு.

நீங்க சிபிசி (ரத்த அணுக்கள் கணக்கு), ஃபெரிட்டின், டிஎஸ்ஹெச் (தைராய்டு), வைட்டமின் பி12, சர்க்கரை பாருங்க. முடிக்காக பயோட்டின்ங்கிற வைட்டமின் மாத்திரை போட்டா டாக்டர்கிட்ட சொல்லி ரெண்டு நாள் முன்னாடியே நிறுத்துங்க. தைராய்டு முடிவைத் தப்பாக் காட்டிடும். இரும்புச்சத்துக் குறைவு இருந்தா மூணு மாசச் சர்க்கரை அளவும் கூடுதலாத் தெரியலாம், பயந்துடாதீங்க.

இரும்பு மாத்திரையோட காபி, டீ கூடாது. எனக்கு அந்த மாத்திரையில அசதி ஒரு மாசத்துல குறைஞ்சுது, முடி திரும்பத்தான் ஏழெட்டு மாசமாச்சு.